சிறிய, ஆனால் பொருட்படுத்தத்தக்க அடி

ஆணையத்தில் அடி வாங்குவதற்குக்கூட வரிசையில் உட்கார வேண்டும் என்பது கத்தரிக்காரருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு வரவேற்பு மேஜைக்கு முன்னால் போய் நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"புகாரா, அடியா?"

"புகார்தாம்மா."

"புகார்னா அடியும் சேர்த்திதான். உட்காருங்க, கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தார். எதிரில் ஒருவர் தாடையைத் துணியால் தூக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு தினசரி படித்துக்கொண்டிருந்தார். எலும்பு ஆஸ்பத்திரிக்குள் வழி தவறி நுழைந்துவிட்டோமோ என்று கத்தரிக்காரருக்குச் சந்தேகம். எழுந்து வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்தார். சரியான இடம்தான். இணையச் சந்தைகளில் போட்டியைப் பேணிக் காக்கும் ஆணையம்.

கத்தரிக்காரர் செய்வது தையல் கத்தரி. பட்டறையில் சாணை பிடிப்பது அவர். இரண்டு அலகையும் திருகாணியால் பூட்டி, துணியில் வெட்டிப் பார்த்து, "இது போகும், இது போகாது" என்று தீர்ப்புச் சொல்வது அவர் மனைவி. கணவரைப் பற்றியும் அவ்வப்போது அதே தீர்ப்பைச் சொல்வாள். ஒரு காலத்தில் தையல்காரர்கள் பட்டறைக்கே வந்து, பேரம் பேசி, கோபித்துக்கொண்டு போய், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து வாங்கிப் போனார்கள். பிறகு எல்லாருடைய கைப்பேசியிலும் அந்தச் செயலி வந்து உட்கார்ந்தது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு; வியாபாரிகள் அதைச் சொல்வதில்லை. பெரியப்பா என்பார்கள். சொத்தெல்லாம் தன் பேரில் வைத்துக்கொண்டு, தங்க ஒரு மூலை கொடுத்து, நம் தட்டிலிருந்தே முதல் கவளத்தை எடுத்துத் தின்றுவிட்டு, "உன் நல்லதுக்குத்தாண்டா" என்று சொல்கிற பெரியப்பா எந்தக் குடும்பத்தில் இல்லை?

தையல்காரர்கள் பட்டறைப் பக்கம் வருவதை விட்டார்கள். போனால் போகிறது, பெரியப்பா வழியாகவே விற்போம் என்று கத்தரிக்காரரும் சரக்கை அங்கே ஏற்றினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் பெரியப்பா சொந்தப் பேரில் ஒரு கத்தரி விற்க ஆரம்பித்தார். அதே வளைவு, அதே கனம். கத்தரிக்காரரின் அச்சில் ஒரு கோளாறு இருந்தது. அதனால் கட்டைவிரல் வளையம் கொஞ்சம் கோணலாக வரும். அந்தக் கோணலைக்கூட விடாமல் நகலெடுத்திருந்தார்கள். விலை, இவர் இரும்பு வாங்குகிற விலையைவிடக் குறைவு. இவருடைய கத்தரியையோ, விரல் தேயத் தள்ளினாலும் கண்ணில் படாத பாதாளத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

பள்ளிச் சீருடை தைக்கும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. தையல்காரர்கள் கத்தரி மாற்றுவது அப்போதுதான். அதற்குள் சரக்கு பழைய இடத்துக்கு ஏறாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ஆணையம்னு ஒண்ணு வச்சிருக்காங்களே, போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "சும்மா உட்கார்ந்து சாணையைச் சுத்தினா ஆச்சா?"

அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் தலைவர், இருபுறமும் உறுப்பினர்கள், தலைவர் தலையாட்டும்போதெல்லாம் தாமும் ஆட்டுவதற்காக. ஒரு பக்கம் பெரியப்பாவின் வக்கீல், பின்னால் படையாக ஜூனியர்கள். அறையின் நடுவே ஒல்லியாக ஒருவர், கையில் பிரம்போடு. சந்தையின் எல்லையைக் குறிக்கும் வரையறை அதிகாரி என்று அறிமுகம் செய்தார்கள். அவர் பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மரியாதையாகக் கும்பிட்டார்.

"உங்க சந்தை எது?" என்றார் தலைவர்.

"தையல் கத்தரிங்க ஐயா."

வக்கீல் எழுந்தார். "இதை ஒத்துக்க முடியாது. கத்தரி வெட்டுது, சரி. கத்தி வெட்டலையா? பிளேடு வெட்டலையா? அவசரத்துக்கு நூலைப் பல்லால கடிச்சு அறுக்கிறதில்லையா? ஊர்ல பல்லு இருக்கிற ஒவ்வொருத்தரும் எங்களுக்குப் போட்டியாளர்தான். இவ்வளவு பேருக்கு நடுவுல எங்க கட்சிக்காரர் பாவம், ஏதோ பிழைச்சுக்கிட்டு இருக்கார்."

"யோசிக்க வேண்டிய வாதம்," என்றார் தலைவர். உறுப்பினர்கள் யோசித்தார்கள். "இதுக்கு ஒரு சோதனை இருக்கு. விலையைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கணும். ஆள் வேற இடத்துக்குப் போறாரான்னு கவனிக்கணும். சட்டப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா பெரியப்பாவோட செயலி இலவசம். இலவசத்துல எங்கேருந்து விலையை ஏத்துறது? நிபுணர்களைக் கூட்டிப் பேசினோம். விலைக்குப் பதிலா அடின்னு முடிவாச்சு. பயப்படாதீங்க. சின்ன அடிதான். ஆனா பொருட்படுத்தத்தக்கதா இருக்கும். கொஞ்ச நாள் நீடிக்கும்."

கத்தரிக்காரர், "ஐயா, என் வயித்துல அடிக்கிறது பெரியப்பா. சோதனையும் எனக்குத்தானா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பிரம்பு தோளில் இறங்கியது. அலறிக்கொண்டு சன்னல் பக்கம் பாய்ந்தார்.

"நகர்ந்துட்டார்," என்றார் வரையறை அதிகாரி.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க, அடிச்சா போறதுக்கு உங்களுக்கு இன்னொரு இடம் இருக்கு. ஆக, சந்தை சன்னல் வரைக்கும் விரியுது. அவ்வளவு பெரிய சந்தையில பெரியப்பா ரொம்பச் சின்னவர்."

"ஐயா, சன்னல் பக்கம் கடையே இல்லையே. சுவர்தானே இருக்கு."

"இன்னிக்கு இல்லை. நாளைக்கு யாராவது போடலாம் இல்லையா? எதிர்காலத்தை நம்பணும்," என்றார் தலைவர். உறுப்பினர்கள் எதிர்காலத்தை நம்பித் தலையாட்டினார்கள்.

வெளியே தாழ்வாரத்தில், தாடையைக் கட்டியிருந்தவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். தலையணை வியாபாரியாம். பழைய புகார்காரர். கட்டை லேசாகத் தளர்த்திக்கொண்டு பேசினார்.

"நகர்ந்துட்டீங்களாண்ணே?"

"வலிச்சுதுய்யா."

"வலிக்கத்தான் செய்யும். நகரக்கூடாது. நகர நகரச் சந்தை பெருசாகும். நானும் ஆரம்பத்துல விவரம் தெரியாம ஓடி ஓடி, என் சந்தையில இப்போ பாய், சோபா, பஸ் சீட்டு எல்லாம் சேர்ந்துடுச்சு. போன தடவை என் பெஞ்சாதி மடியையும் சேர்த்துட்டாங்க. தலை வச்சுப் படுக்கலாமாம். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இந்தத் தாடை ஆணையத்துல உடைஞ்சதில்லைண்ணே."

அடுத்த விசாரணைக்குக் கத்தரிக்காரர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனார். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிரம்பு முதுகில் விழுந்தது. நகரவில்லை. மறுபடி விழுந்தது. பிரம்பு ஒடிந்தது, அவர் நகரவில்லை. சரக்கறையிலிருந்து இரும்புத் தடி தருவித்தார்கள். அது விலாவில் விழுந்தபோது உள்ளே ஏதோ முறிந்த ஓசை அறை முழுவதும் கேட்டது. உறுப்பினர்களில் ஒருவர் தன் பேனாதான் முறிந்ததோ என்று எடுத்துப் பார்த்துக்கொண்டார். கத்தரிக்காரர் வாயில் இரத்தம் வழிய, கம்பியை விடாமல், நிமிர்ந்து நின்றார்.

"நகரலை," என்றார் வரையறை அதிகாரி, மூச்சு வாங்க.

"ஐயா, எனக்குப் போக வேற இடமே இல்லை. இப்பவாவது தெரியுதுங்களா?"

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியுது. நல்லாவே தெரியுது. விலா ஒடிஞ்சும் பெரியப்பாவை விட்டுப் போக மனசு வரலையே இவருக்கு. இதைவிட என்ன நற்சான்று வேணும் எங்களுக்கு?"

தலைவர் கையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் இருங்க. முக்கியமானவரை இன்னும் கேக்கலையே. நுகர்வோரைக் கூப்பிடுங்க."

பக்கத்து அறையிலிருந்து சக்கரம் வைத்த சோபாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் சாய்ந்து கிடந்தார், மடியில் பிரிக்காத பொட்டலங்கள். ஆணையத்தின் நிரந்தர நுகர்வோர் அவர். அவரைக் கேட்காமல் எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை.

"உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?" என்றார் தலைவர் பரிவாக.

நுகர்வோர் யோசித்தார். "இல்லையே. அந்தச் சிவப்புப் பொட்டலம் எப்போ வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு," என்றார் வக்கீல்.

தலைவர் கத்தரிக்காரர் பக்கம் திரும்பினார். குரலில் கருணை இருந்தது. "நிறைய பேர் இங்க ஒரு தப்பான எண்ணத்தோட வர்றாங்க. இந்த ஆணையம் போட்டியாளர்களைக் காப்பாத்த வந்ததில்லை. போட்டியைக் காப்பாத்த வந்தது. போட்டியாளர் சாகலாம், அது சந்தையோட இயல்பு. போட்டி சாகக்கூடாது. எல்லாப் போட்டியாளரும் செத்த பிறகும் போட்டி உயிரோட இருக்கிற மாதிரி பார்த்துக்கிறதுதான் எங்க சவால். இதுவரைக்கும் நல்லபடியா சமாளிச்சுட்டு வர்றோம்."

இருந்தாலும் ஆணையம் கல்நெஞ்சு படைத்ததல்ல. விலா முறிந்ததை முன்னிட்டுப் பெரியப்பாவிடம் சில உறுதிமொழிகள் கேட்டது. பெரியப்பா பெரிய மனது பண்ணி ஒன்று கொடுத்தார். இனிமேல் அடிக்கு முன்னால் புகார்காரர் முன் ஒரு தொடுதிரை வைக்கப்படும். வலது பக்கமா, இடது பக்கமா, இரண்டு பக்கமுமா என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் என்பது ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். மாற்ற வேண்டுமானால் உள்ளே போய்த் தேட வேண்டும்.

"விருப்பத் தேர்வு," என்றார் தலைவர், அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் புரட்டி.

அன்று கத்தரிக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. மனைவி சட்டையைக் கழற்றி, ஊதாக் கறுப்பாகிக் கிடந்த விலாவைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார்.

"பருவம் தொடங்கப்போகுது," என்றாள்.

"அடுத்த தடவை இடது பக்கம் கேக்கலாம்னு இருக்கேன். வலது பக்கம் இனி தாங்காது."

"அடுத்த தடவை நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? அங்க அடிப்பாங்க."

"அதைத்தான் பார்க்க வர்றேன்."

மூன்றாவது விசாரணையில் திரையை வைத்தார்கள். கத்தரிக்காரர் இடது பக்கத்தைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தார். அது இரண்டு பக்கமும் என்றே திரும்பத் திரும்பப் போய் நின்றது. வரையறை அதிகாரி பொறுமையாகக் காத்திருந்துவிட்டுத் தடியை ஓங்கினார். அது இறங்கவில்லை. கத்தரிக்காரரின் மனைவி அதை நடுவில் பிடித்திருந்தாள். திருகாணி முறுக்கிப் பழகிய கை. ஒரு முறுக்கு முறுக்கினாள், தடி அவள் கைக்கு வந்தது. அதே வேகத்தில் அதிகாரியின் முன்கையில் ஒரு போடு. காய்ந்த சுள்ளி மாதிரி எலும்பு ஒடிந்தது. அதிகாரி, பழக்கதோஷத்தில், "நகர்ந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே விழுந்தார்.

தலைவர் மெல்ல எழுந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"எழுதிக்குங்க. சந்தையில புது ஆள் நுழைஞ்சிருக்காங்க."

"யாரும் தடுக்கலை," என்று வக்கீல் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "கதவு திறந்துதான் இருந்தது. இதைத்தான் நாங்க ஆரம்பத்துலேர்ந்து தலைகீழா நின்னு சொல்லிட்டு இருக்கோம்."

உறுப்பினர் ஒருவர் ஆர்வமாக முன்னால் குனிந்தார். "அம்மா, இந்தத் துறையில எவ்வளவு காலமா இருக்கீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

புதிய போட்டியாளர் தடையின்றி நுழைந்திருப்பதால், சந்தை ஆரோக்கியமாக இருப்பதால், புகார் தள்ளுபடி என்று தலைவர் அறிவித்தார். கத்தரி பாதாளத்திலேயே கிடக்கும். கத்தரிக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் எலும்பு ஒடிந்த சத்தம் தாழ்வாரம் வரைக்கும் கேட்டிருந்தது. அங்கே காத்துக் கிடந்தவர்களுக்கு அது பரிச்சயமான சத்தம்தான். கூட வந்த அலறல்தான் புதுக் குரலாக இருந்தது. தலையணைக்காரர் கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார். தரையில் அதிகாரி. கையில் தடியோடு கத்தரிக்காரர் வீட்டு அக்கா.

"இது நமக்குத் தோணலையே," என்றார் பின்னால் இருந்தவர்களிடம்.

பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மொத்தமாக உள்ளே வந்தார்கள். பெஞ்சின் முனை ஜூனியர்களின் முன்வரிசையில் போய் இறங்கியது. மாவுக்கட்டுக்காரர் கட்டுப் போட்ட காலாலேயே உதைத்தார். வாங்கியவர்கள் அதை வெகுகாலம் மறந்திருக்க மாட்டார்கள். தலையணைக்காரர் ஒருவர் முகத்தில் சட்டக் கோப்பை வைத்து அமுக்கினார், தொழில் பழக்கம். வக்கீல் மேஜைக்கு அடியில் புகுந்தார். அங்கே ஏற்கெனவே இருந்த உறுப்பினர் அவரைக் கடித்து வெளியே தள்ளினார். மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் தலைவரின் கழுத்துப் பட்டியை நனைத்தது. அவர் அதையும் இரசித்துக்கொண்டு, "போட்டி, போட்டி," என்று முணுமுணுத்தபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பெஞ்சு கைதவறி நுகர்வோரின் கால் சுண்டுவிரலில் விழுந்தது.

"வலிக்குது," என்றார் நுகர்வோர்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். தலைவர் முகத்திலிருந்த மலர்ச்சி அணைந்தது. ஆணையம் தோன்றிய நாள் முதல் அந்த வார்த்தையை நுகர்வோர் சொன்னதில்லை. கத்தரிச் சந்தை எதுவென்று கண்டுபிடிக்கப் பிரம்பு ஒடித்தவர்கள், இந்தச் சந்தை எதுவென்று ஒரே மூச்சில் கண்டுபிடித்தார்கள்.

"சந்தை, இந்த அறை," என்றார் தலைவர். "குற்றம், கூட்டுச் சதி. ஒருத்தர் அடிச்சா அது போட்டி. சேர்ந்து அடிச்சா அது சதி. பெரியப்பா எத்தனை பேரை அடிச்சாலும் தனி ஆளா நின்னு அடிக்கிறார். அதுல ஒரு நேர்மை இருக்கு. நீங்க கலந்து பேசி அடிச்சிருக்கீங்க. இதை மட்டும் எங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

மறுநாள் காலையில் ஆணையத்தின் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்கள் சம்மட்டியோடு இறங்கினார்கள். தலைமை தாங்கி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அவ்வளவு மரியாதை.

"சதிக்குப் பயன்பட்ட கருவிங்களை அழிக்கணும்மா. இது என்ன?"

"சாணைக்கல்லு. கத்தரிக்குக் கூர் ஏத்துறது."

"கூர் ஏத்துறதா? அப்ப இதுதான்."

முதல் அடியில் கல் விரிசல் விட்டது. அடுத்த அடியில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உருண்டு போய்க் கத்தரிக்காரரின் கால்மாட்டில் சாய்ந்தது. அச்சுகளை நெளித்தார்கள். பூட்டாத அலகுகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டார்கள். அவருடைய மனைவி ஒருவனின் காதைக் கடித்து எடுத்துவிட்டாள்; பிறகு ஒரு கும்பலே சேர்ந்து அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்தது. அவர்கள் சேர்ந்து பிடித்ததைச் சதி என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து நிற்க முடியாத கத்தரிக்காரர் படுத்த இடத்திலிருந்தே, "அந்தக் கல்லு எங்கப்பா வாங்கினதுங்க," என்றார். சம்மட்டிக்காரர் ஒரு கணம் தயங்கி, அனுதாபமாகத் தலையசைத்துவிட்டு, மீதிப் பாதியையும் உடைத்தார். போகும்போது கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். "இங்கே போட்டி மீட்கப்பட்டது" என்று அதில் எழுதியிருந்தது.

தலையணைக்காரர் கடையிலும், மற்றவர்கள் கடையிலும் அதே தாள்தான்.

கொஞ்ச நாளில் பெரியப்பாவின் வக்கீல் தேடி வந்தார். கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உடைசல்களுக்கு நடுவே சுத்தமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

"ஒரு சங்கடம்க்கா. தாழ்வாரத்துல இருந்த எல்லார் கடையையும் மூடிட்டாங்க. எங்களுக்குப் போட்டியே இல்லைன்னு ஆகிப்போச்சு. தலைவர் தூங்க மாட்டேங்குறார். ஆண்டறிக்கையில காட்ட ஒரு போட்டியாளராவது வேணுமாம். நீங்கதான் மனசு வைக்கணும்."

"என்ன செய்யணும்?"

"மாசம் ஒரு தடவை ஆணையத்துக்கு வந்து எங்களை ஒரு அடி அடிச்சுட்டுப் போகணும். தலைவர் முன்னாடி. வலிக்காம."

அவள் சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "வலிக்க அடிக்கிறதுன்னா யாரு வேணா செய்யலாம். வலிக்காம அடிக்கிறது நுணுக்கமான வேலை. ஒடைச்ச கல்லுக்குப் புதுக் கல்லு வேணும். அப்புறம் எங்க கத்தரியைத் திரும்ப மேல ஏத்தணும்."

"கல்லு நாளைக்கே வரும். மேல ஏத்துறது எங்க கையில இல்லைக்கா. அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குது."

"கம்ப்யூட்டர் யாரோடது?"

"எங்களோடதுதான். ஆனா நாங்க சொன்னா கேக்காது."

"உங்க கத்தரியை மேல ஏத்தச் சொன்னப்ப மட்டும் கேட்டுச்சா?"

"அது அதுவாவே ஏத்துச்சுக்கா. எங்களுக்கே ஆச்சரியம்."

அவள் உடைந்த கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "சரி. கல்லு மட்டும் போதும்."

கத்தரிக்காரருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. இரும்புக் கடைக்காரரைப் பேரத்தில் அழவைத்து அனுப்புகிறவள், இவ்வளவு சுலபமாக இறங்கி அவர் பார்த்ததில்லை.

வக்கீல் எழுந்தார். "அப்ப பேச்சு முடிஞ்சுது?"

"அச்சாரம் கொடுக்காம எப்படி முடியும்?" என்றாள் அவள். கொடுத்தாள். வக்கீல் கதவைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தார். இரண்டு பற்களைக் கைக்குட்டையில் துப்பி, மடித்து, பையில் பத்திரப்படுத்தினார்.

"அச்சாரம் வாங்கியாச்சு," என்றார் வாயைப் பொத்திக்கொண்டு. அவரும் வியாபாரம் தெரிந்தவர். "இனி பேச்சு மாறக்கூடாது. திங்கக்கிழமை. வலிக்காம."

"வலிக்கவே வலிக்காது," என்றாள் அவள்.

சொன்னபடி கல் வந்து இறங்கியது. விளிம்பில் பெரியப்பாவின் முத்திரை குத்தியிருந்தது. கத்தரிக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். உடைசல்களைக் கிளறி, ஒடியாமல் தப்பிய ஒரே ஒரு ஜோடி அலகை மனைவி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எந்தத் தையல்காரருக்கு?"

"தையல்காரருக்கு இல்லை. திங்கக்கிழமைக்கு."

அவர் அலகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏம்மா, வலிக்காமன்னுதானே பேச்சு?"

"நீங்க ஒழுங்கா சாணை பிடிங்க. நல்ல கூரா இருந்தா, வெட்டினதே தெரியாது."

கத்தரிக்காரர் கல்லைச் சுற்றவிட்டு, அலகை வைத்தார். நல்ல கல்தான். பொறி பறந்தது.